ஆரணியிலிருந்தே தொடங்குக

போர்ச் சரித்திரத்தின் வாயிலாக மாணவர்க்குத் தலைமையும் பொறுப்பும் போதிக்கலாம் என்னும் யோசனையை மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும் அப்போதனை, 1751 டிசம்பர் 3ஆம் தேதி ராஜா சாகிபின் சேனையையும் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் முறியடித்ததும், 1782இல் மைசூர் ஹைதர் அலியின் படை கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படையோடு மோதியதுமான இந்த ஆரணி மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். ஜயித்தவன் கீர்த்தியை மட்டும் மனப்பாடம் செய்விப்பது வித்தையாகாது. அதே 1751இல் கிளைவின் படை தாக்குப்பிடித்த ஆற்காட்டு முற்றுகையில் அரிசி அருகியபோது, சோற்றை வெள்ளையருக்கு விட்டுவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்ததாகச் சொல்லப்படும் சிப்பாய்களின் சகிப்பைப் பிள்ளைகள் அறியட்டும். அந்தத் தியாகம் யாருக்குப் பயன்பட்டது என்றும் கேட்கட்டும். 55 ஆண்டுகளுக்குப் பின், 1806 ஜூலை 10ஆம் தேதி, வேலூர்க் கோட்டையில் அதே கம்பெனியின் சிப்பாய்கள் அதற்கெதிராகவே துப்பாக்கி தூக்கினார்கள். அதற்குத் தூண்டுதலான, நெற்றிச் சின்னத்தையும் காதணியையும் விலக்கி, புதுத் தலைப்பாகையை அணியச் சொன்ன உத்தரவு, தம் ஆட்களின் மனமறியாத அதிகாரிகளிடமிருந்து பிறந்தது. தலைமை எங்கே தவறுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் நம் ஜில்லாக்களில் இல்லை. ஆரணிப் பள்ளித் தலைமையாசிரியர்கள் இவ்வாண்டே ஒரு நாளை ஒதுக்கி, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம்.