தேனீப் பெட்டி என்ன சொல்கிறது?

“வெயில் நேரத்தில் பெட்டிக்குள்ளே ‘ஹோ’ன்னு ஒரே இரைச்சல். தேனீக்களுக்குக் கோபமா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

கோபமில்லை அம்மா, விசிறிக்கொள்கின்றன! இது பசி, இது தூக்கம் என்று குழந்தையின் அழுகையிலேயே நமக்குத் தெரிகிறதல்லவா? அது மாதிரிதான் பெட்டியின் சத்தமும்.

புழுக்கள் வளரும் அடையில் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு சூடு இருக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. வெயில் ஏறினால் சில தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடையில் துளித்துளியாகப் பூசும். மற்றவை வரிசையாக நின்று இறக்கையடித்துக் காற்றை ஓட்டும். வெட்டிவேர்த் தட்டி கட்டின மாதிரி உள்ளே குளிர்ந்துவிடும். ஜெர்மன் அறிஞர் லிண்டாவர் 1950-களில் இத்தாலியில், எரிமலைப் பாறை மேல் சுட்டெரிக்கும் வெயிலில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார். தண்ணீர் கிடைத்தவரை உள்ளே அதே 35 டிகிரிதான்! ஆகவே கோடையில் பெட்டியை நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீரும், தேனீ உட்காரக் கூழாங்கற்களும் போடுங்கள். இரைச்சல் தானே குறையும்.

பனி கொட்டும் ஐரோப்பாவில் தேனீக்கள் பந்தாக ஒட்டிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கும். அங்கே பெட்டியைத் திறந்து அந்தச் சூட்டை வீணாக்க மாட்டார்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைப்பார்கள். ‘உம்’ என்று எழும்பி உடனே அடங்கினால் சுகம். அடங்காமல் முனகினால் ராணி இல்லையோ, பட்டினியோ என்று கவலைப்படுவார்கள். பிபிசி ஒலிப் பொறியாளர் எட்டி வுட்ஸ், பெட்டியின் சத்தத்தை அறியும் கருவியே செய்து 1957-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

நம் ஊர் அடுக்குத் தேனீயைத் தட்டினால் ‘ஸ்ஸ்’ என்று கூட்டமே சீறும். அதனால் நாம் தட்ட வேண்டாம். வாசல் பக்கம் போகாமல், பின்புறமாகக் காது கொடுத்தால் போதும்.

நமக்குக் கவலை மழைக்காலம்தான். அடைமழையில் தேனீ வெளியே போகாது. சத்தமும் தணிந்திருக்கும், அது இயல்பு. ஆனால் மழை விட்டு வெயில் வந்த பிறகும் பெட்டி அடங்கியே இருந்தால் சும்மா இருக்காதீர்கள். பின்பக்கமாக லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனமில்லையென்றால் உள்ளே தேன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பசி தாங்காமல் நம் அடுக்குத் தேனீ குடும்பத்தோடு கூட்டை விட்டே போய்விடும்.

அன்று மாலையே ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுக் கரைத்து, நன்றாக ஆறவைத்து உள்ளே வையுங்கள். தேனீ மூழ்காமலிருக்க மேலே நாலு குச்சி போடுங்கள். வெளியே சிந்தினால் எறும்பு வந்துவிடும். பெட்டியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறக்காதீர்கள். இடி, மழை மேகம் கூடும் நேரத்தில் மட்டும் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அப்போது கொட்டும்!