வன்னி முதியோரின் நினைவுக்கு யார் பொறுப்பு?

"வயது போனால் அறளை பேரும்தானே" என்று சொல்லி, மறதி நோய் கண்டவரை வீட்டு மூலையில் இருத்திவிடுகிறோம். இது அறியாமை மட்டுமல்ல, அநீதியும் கூட. 2024இல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளை எடுத்துக்காட்டுகிறது. அவற்றைச் சீர்செய்தால், உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது.

உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைத்தல், மிகைக்குடி, உடற்பயிற்சியின்மை ஆகியவை அவற்றுள் சில. சுகாதாரக் கூட்டங்களில் நாம் வழக்கமாகக் கேட்பவை இவைதான். ஆனால் இளவயதில் கல்வி இழப்பு, காது கேளாமை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை ஆகியனவும் அதே பட்டியலில் உள்ளன. இவற்றை வன்னி மக்கள் தாமாகத் தேடிக்கொள்ளவில்லை. 1990களின் போர்க்கால இடப்பெயர்வுகளும் 2009 மே வரை பெய்த எறிகணைகளும் அவர்கள்மேல் சுமத்தியவை அவை. 1990களில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பங்கருக்குள் பதுங்கிய பிள்ளைகள் இன்று நடுவயதினர். மறதி நோயைத் தடுக்க ஏற்ற பருவமும் நடுவயதே.

கிளினிக் நாளில் வாங்கில் இருக்கும் ஒரு மூதாட்டியைப் பாருங்கள். பிறசரும் சீனியும் அவருடைய கொப்பியில் பதியப்படுகின்றன. தன் பெயரைக் கூப்பிடுவது அவருக்குக் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்டித்தான் எழுப்புகிறார். அவருடைய காதையோ மனதையோ பற்றி எவரும் விசாரிப்பதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய தாய்மாரிடம், "கவலைப்படாமல் நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எந்த வகை மருத்துவம்?

இதனால் தனிமனிதப் பொறுப்பு கழிந்துவிடாது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, குருதி அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றை ஈராண்டு ஒன்றாகக் கடைப்பிடித்தவர்களின் சிந்தனைத் திறன் மேம்பட்டதை அது காட்டியது. கசிப்பையும் சுருட்டையும் விட வேண்டும்; குளிசையை இடையில் நிறுத்தக் கூடாது; வளவுக்குள் முடங்காமல் நடக்க வேண்டும். இவற்றுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆனால் பெரிய கடன் மற்றவர்களுடையது. கிளினிக்குகளில் செவிப்புலன், கண்பார்வை, மனநலப் பரிசோதனைகளையும் சுகாதாரத் திணைக்களம் சேர்க்க வேண்டும். முதியோர் சங்கங்கள் ஆண்டு விழாவோடு நின்றுவிடாமல் கிழமைதோறும் கூட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பினால் மட்டும் போதாது. தாய் தகப்பனோடு நாள்தோறும் பேச வேண்டும், காது கேட்காவிட்டால் கருவி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அந்தப் பிள்ளையின் முகத்தையும் மறந்துபோகும்படி விடுவது இரண்டாவது அநீதி. தடுக்க வழி தெரிந்தும் கைகட்டி நிற்கும் எவரும், வயதைக் காரணம் காட்டி அந்தப் பழியிலிருந்து தப்ப முடியாது.