கடைசி ஆள் யாருங்க?

செமஸ்டர் முடிஞ்சதா, இல்லை அரியரோட இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்கீங்களா? எதுவா இருந்தாலும் பரவாயில்லை, புத்தகத்தை மூடி வச்சிட்டு வாங்க. இந்த வாரம் டோக்கியோ வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்.

"இருபது வயசாச்சு, இன்னும் என்னடா பொம்மைப் படம்?" என்று வீட்டில் திட்டு வாங்குகிற கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான். டோரேமான் தமிழ் பேசிக் கேட்டு வளர்ந்து, அப்புறம் நருட்டோ, ஒன் பீஸ் என்று வழுக்கி விழுந்து, இன்னும் எழுந்திருக்காத கூட்டம் நாம. இந்தக் கூட்டத்துக்கு ஜப்பானில் ஒரு தேர்த் திருவிழாவே நடக்கிறது. பெயர், காமிக் மார்க்கெட். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'கோமிகெ' என்பார்கள். ஆகஸ்டில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று.

பெரிய ஸ்டார்கள் மேடையேறிக் கை ஆட்டுகிற விழா என்று நினைச்சுடாதீங்க. இங்கே ஹீரோ ரசிகன்தான். தனக்குப் பிடித்த அனிமேயை, மாங்காவை, விளையாட்டை வைத்து அவனே வரைந்து, எழுதி, அச்சடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பி உட்கார்ந்திருப்பான். அந்தப் புத்தகத்துக்குப் பெயர் 'தோஜின்ஷி'. நம்ம ஊர் கல்லூரிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1975 டிசம்பர் 21-ம் தேதி முதல் கோமிகெ நடந்தது. கடை போட்டவை 32 குழுக்கள். வந்தவர்கள் சுமார் 700 பேர், அதிலும் பெரும்பாலோர் பள்ளிக்கூட மாணவிகள். தொடங்கிய நண்பர்களில் ஒருவரான யோனேசாவா யோஷிஹிரோவுக்கு அப்போ வயசு 22. ரொம்ப வருஷம் தலைமை தாங்கி நடத்திவிட்டு, 2006-ல் இறந்துபோனார். 2018 குளிர்கால கோமிகெயில், அதாவது நாங்க போனபோது, சுமார் 35 ஆயிரம் குழுக்கள். மூன்று நாளில் வந்தவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். 22 வயசுப் பசங்க விளையாட்டா ஆரம்பிச்ச விஷயம் பாஸ்!

டோக்கியோவில் அப்போ நாங்க நாலு பேர். நான், மதுரைக்காரன் ஒருத்தன், கோயமுத்தூர்க்காரி ஒருத்தி, அவளோடு வேலை பார்க்கும் நாகோயாப் பெண் ஒருத்தி. நாகோயாக்காரிதான் எங்களுக்கு கைடு. முதல் நாள் ராத்திரியே கட்டளைகள் வந்துவிட்டன. பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் பாவம், அவங்க சில்லறைக்கு எங்கே போவாங்க? அதனால் நூறு யென், ஐநூறு யென் காசா மாத்திக்கோ. முந்தின ராத்திரியே போய் வரிசையில் படுக்கிறது தடை, முதல் ரயில்தான் கணக்கு. ஓடாதே. முக்கியமா... ஓடவே ஓடாதே.

நடக்கிற இடம் டோக்கியோ பிக் சைட். கடலை ஒட்டி, நாலு பிரமிடுகளைக் கவிழ்த்துப் போட்டது மாதிரி ஒரு கட்டடம். வாசல் பக்கம் ஒரு ராட்சத ரம்பம் தரையை அறுத்துக்கொண்டு நிற்கும். கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பியும் அவர் மனைவியும் செய்த சிற்பம் அது. கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும் என்பதால், தொலைந்துபோனால் ரம்பத்துக்கிட்ட வந்துடணும் என்று ஒப்பந்தம். மதுரைக்காரன் பேச ஆரம்பித்தால் நாங்க அவனுக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். 'ரம்பம் பக்கத்தில் ரம்பம்' என்று கோயமுத்தூர்க்காரி ஒரு போட்டோ எடுத்தாள் பாருங்க, அந்த நாளின் சிறந்த படம் அதுதான்.

காலை ஆறரை மணிக்கு வரிசையில் உட்கார்ந்தோம். கதவு திறப்பது பத்துக்கு. கடல் காத்து காதை அறுக்குது. சட்டைக்குள் ஒட்டிக்கொள்கிற சூடுப் பொட்டலம் ஒன்றை நாகோயாக்காரி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். சோத்து உருண்டையைப் பிட்டுத் தின்றுகொண்டே சூரியன் வருவதைப் பார்த்தோம். மூணரை மணி நேரம்! நம்ம ஊரில் முதல் நாள் முதல் ஷோவுக்கு இப்படி நின்றிருந்தால் இந்நேரம் மூணு தடவை தள்ளுமுள்ளு, ஒரு தடவை தடியடி. இங்கே தன்னார்வலர் ஒருவர் கையைத் தூக்கினால் நூறு பேர் எழுந்திருக்கிறார்கள், கையை இறக்கினால் நிற்கிறார்கள். ஆமாம், தன்னார்வலர்தான். இவ்வளவு பெரிய கூட்டத்தை நடத்துகிற சில ஆயிரம் பேரும் சம்பளம் வாங்காதவர்கள். கோமிகெயின் பழைய கொள்கை ஒன்று உண்டு. இங்கே 'வாடிக்கையாளர்' என்று யாருமே கிடையாது. விற்பவர், வாங்குபவர், கயிறு பிடிப்பவர் எல்லாருமே 'பங்கேற்பாளர்'தான். கேட்க டயலாக் மாதிரி இருக்கும். ஆனா சரியாகப் பத்து மணிக்கு, விழா தொடங்குகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் மொத்தக் கூட்டமும் கை தட்டியது பாருங்க... யாருக்குத் தட்டினார்கள்? மேடையும் இல்லை, பிரமுகரும் இல்லை. தங்களுக்குத் தாங்களே தட்டிக்கொண்டார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு அட்டை. பிரபலமான குழுக்களைச் சுவரோரமாகத்தான் உட்கார வைப்பார்கள். வரிசை நீண்டால் கதவு வழியாக வெளியே விட்டுவிடலாமே! அந்த வரிசையின் கடைசி ஆள் கையில் ஒரு அட்டை இருக்கும். 'வரிசையின் கடைசி இதுதான்' என்று எழுதியிருக்கும். நீங்க போய் அவருக்குப் பின்னால் நின்றால், ஒரு வார்த்தை பேசாமல் அதை உங்களிடம் தருவார். அடுத்தவர் வரும்வரை நீங்கதான் அதிகாரி. மதுரைக்காரன் கைக்கு அட்டை வந்ததும் ஏதோ செங்கோல் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அரை நிமிஷம்கூட ஆகலை, ஒரு பெரியவர் வந்து குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டார். "என்னடா இது, ஆட்சி இவ்வளவு சீக்கிரம் கவிழ்ந்துடுச்சு!" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பல்.

காஸ்ப்ளே பற்றிச் சொல்லாமல் விட்டால் உதைப்பீங்க. வேஷம் போட்டபடி ரயிலில் வரக் கூடாது, போகவும் கூடாது. அங்கேயே உடை மாற்றும் அறையில் பதிவு செய்துகொண்டு மாற்றிக்கொள்ளணும். படம் எடுக்க வேண்டுமா? கேட்டுட்டு எடுக்கணும், அதுக்கும் வரிசை. அந்தக் குளிரில் கையில்லாத சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் கும்பிடத் தோணும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். சுவரோரத்துப் பெரும்புள்ளிகளை விட்டுவிட்டு நடு ஹாலுக்கு வந்தால், அங்கேதான் நம்மள மாதிரி ஆளுங்க. ஒரு குழுவுக்குக் கிடைப்பது பாதி மேஜை, 90 சென்டிமீட்டர் நீளம், ரெண்டு நாற்காலி. அப்படி ஒரு பாதி மேஜையைத் தாண்டிப் போகும்போது கோயமுத்தூர்க்காரி நின்றுவிட்டாள். மேஜையில் சத்யராஜ்! மொட்டைத் தலை, தாடி, வாளோடு பென்சில் கோட்டில் நிற்கிறார். பாகுபலி தோஜின்ஷி!

ஆச்சரியப்படாதீங்க. 'பாகுபலி' இரண்டாம் பாகம் 2017 டிசம்பர் கடைசியில் ஜப்பானில் ரிலீஸ் ஆனது. 2018-ல் ராஜமௌலி டோக்கியோவுக்கே வந்து, ரசிகர்கள் கத்திக் கூச்சல் போட்டுப் பார்க்கிற சிறப்புக் காட்சியில் கலந்துகொண்டார். அதற்கு இருபது வருஷம் முன்னாடி 'முத்து' போட்ட பாதை அது. அதனால் கட்டப்பாவுக்கு அங்கே ரசிகை இருப்பதில் அதிசயம் இல்லை. அதிசயம், அட்டையில் தமிழ் எழுத்து இருந்தது. ஆனா 'கடடபபா' என்று!

அந்தப் பெண்ணுக்கு எங்க வயசுதான் இருக்கும். தமிழ் போஸ்டர் ஒன்றைப் பார்த்துக் கையாலேயே வரைந்திருக்கிறாள். மேலே இருந்த புள்ளிகளை அச்சில் விழுந்த தூசி என்று நினைத்து, சுத்தமாக நீக்கிவிட்டாள். நாகோயாக்காரி இதை எப்படிச் சொல்வது என்று தவித்தாள். சொல்லலாமா, வேண்டாமா? மாசக்கணக்கில் உழைத்துப் போட்ட புத்தகம். நாற்பது பிரதிதான் அச்சடித்தாளாம். விலை முந்நூறு யென். எல்லாம் விற்றாலும் அச்சுக்கூலி தேறாது. அங்கே பெரும்பாலான குழுக்களின் கதை அதுதான். நான் பேசாமல் நழுவிடலாம் என்றேன். கோயமுத்தூர்க்காரிதான் கேட்கலை. "நம்ம எழுத்தை இவ்வளவு ஆசையா வரைஞ்சிருக்கா. நாம சொல்லலைன்னா வேற யாருடி இவகிட்ட சொல்வா?" என்று நாகோயாக்காரியிடம் தமிழிலேயே கேட்டாள். அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, எடுத்துச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் முகம் சிவந்துபோச்சு. அப்புறம் ஒரு தாளை எடுத்து, ஜப்பானிய எழுத்தில் 'க' எழுதி, ஓரத்தில் ரெண்டு சின்னக் கோடு போட்டுக் காட்டினாள். அவங்க மொழியில் அந்தக் கோடு விழுந்தால் ஓசை மாறிவிடும். "இது மாதிரியா?" ஆமா, அதே மாதிரி! புள்ளி வைத்தால் உயிர் போய் மெய் மட்டும் நிற்கும் என்று நான் விளக்கப் போக, நாகோயாக்காரி அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள்.

மிச்சம் இருபத்தெட்டு பிரதி. மூன்றை மேஜையில் வைத்துக்கொண்டு இருபத்தைந்தை அப்படியே எங்க கையில் கொடுத்தாள். யோசிச்சுப் பாருங்க, பேர் ஊர் தெரியாத நாலு பேர். மதுரைக்காரன் அடமானமா தன் பர்ஸை நீட்டினான். "வேண்டாம், நீங்களும் பங்கேற்பாளர்தானே" என்று சிரித்தாள். வெளியே படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து, குளிரில் விரைத்த விரலோடு, கறுப்பு ஜெல் பேனாவால் புள்ளி வைத்தோம். ஒரு பிரதிக்கு ரெண்டு, மொத்தம் ஐம்பது. மதுரைக்காரன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனா அன்றைக்கு அவன் வைத்த புள்ளி அத்தனையும் உருண்டை. திரும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, புள்ளி வைத்தது வேண்டும் என்று ஒருத்தர் அங்கே காத்துக்கொண்டு நின்றார். அட்டை பிடிக்க ஆள் இல்லாத, ஒரே ஆள் வரிசை!

"இதெல்லாம் சட்டப்படி சரியா? அடுத்தவன் கேரக்டரை வைத்து இவன் எப்படிப் புத்தகம் போடலாம்?" என்று சட்டக் கல்லூரி நண்பர்கள் கை தூக்குவது தெரிகிறது. நியாயமான கேள்வி. பெரும்பாலான பதிப்பகங்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. ரசிகனை அடித்தால் சந்தை போய்விடும், அதோடு நாளைய ஓவியர்கள் இங்கிருந்துதான் வருகிறார்கள். 'கிளாம்ப்' குழு ஆரம்பித்தது தோஜின்ஷியில்தான். 'ஃபேட்' வரிசையால் உலகப் புகழ் பெற்ற டைப்-மூன், 2000-ல் தங்கள் 'த்சுகிஹிமே' விளையாட்டை விற்றது இந்த மேஜைகளில்தான். நாங்க போன அதே விழாவின் நடுவில், 2018 டிசம்பர் 30 அன்று, ஜப்பானின் திருத்திய காப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. உரிமையாளர் புகார் கொடுக்காமலே சில குற்றங்களுக்கு வழக்குப் போடலாம் என்றது அது. கோமிகெயே மூடிவிடுமோ என்று பல வருஷம் பயந்திருந்தார்கள். கடைசியில், மூலப் படைப்பை அப்படியே நகலெடுத்துக் காசு பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் என்று எல்லை போட்டுவிட்டார்கள். சொந்தமாக வரைகிறவர்கள் தப்பித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், திருட்டு டிவிடி விற்கிறவனையும் கட்டப்பாவை மாசக்கணக்கில் பென்சிலால் வரைகிறவளையும் ஒரே கூண்டில் ஏற்றாத சட்டம் நல்ல சட்டம்.

நாலு மணிக்கு முடிவு அறிவிப்பு. மறுபடியும் கைதட்டல். பாதி மேஜைகள் மடங்க ஆரம்பித்தன. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் 'நல்லபடியா புது வருஷம் பிறக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டு, பெட்டியைக் கட்டினார்கள். நாங்க விடைபெறப் போனபோது அந்தப் பெண்ணிடம் மிச்சம் நாலு பிரதிதான். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டோம். காசு வாங்க மாட்டேன் என்றாள், மதுரைக்காரன் சில்லறையாக எண்ணி வைத்தான். அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கடை போடுகிற ஒவ்வொரு குழுவும் புதுப் புத்தகத்தில் ஒரு பிரதியை மாதிரியாக விழாக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அதைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். அவளும் காலையிலேயே கொடுத்துவிட்டாள், புள்ளி இல்லாததை!

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவர் மட்டும் அங்கே கடடபபாவாகவே இருக்கட்டும்" என்றாள்.