கொப்பி நிறைந்தால் பிள்ளை படித்ததாகிவிடுமா?

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் நாங்கள் ஊர்ப் பெற்றோரோடு கொஞ்சம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. கோபிக்காமல் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

"டீச்சர், இண்டைக்கு கொப்பியில ஒண்டும் எழுதலயே?" பின்னேரமானால் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்விதான். பிள்ளை இன்று என்ன வாசித்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எழுத்துப் பயிற்சியின் ஒரு சின்னப் பகுதி மட்டுமே. பிள்ளை முத்து முத்தாக எழுதிய பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். விழித்தால், அவர் எழுதவில்லை, வரைந்திருக்கிறார்.

"247 எழுத்தும் இன்னும் முடியலயா?" என்பது அடுத்த கேள்வி. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் விளங்கிய பிள்ளை படம், பட்டம், மட்டம் என்று தானாகவே வாசிக்கும். அந்தப் பிள்ளைக்கு வாசிப்பின் கதவு திறந்துவிட்டது. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவித்து ஒரு சொல்லைக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

பிள்ளை சொந்தமாக எழுதினாலும் விடுகிறார்களா? "உம்மா சோறாக்கினா. நான் மீன் முள்ளு எடுத்தன்" என்று தரம் 2 பிள்ளை எழுதினால், அது அருமையான எழுத்து. சிந்தித்து, தன் வீட்டைப் பற்றித் தன் வாயால் சொன்னதை எழுதியிருக்கிறது. ஆனால் வீட்டில் அதை அழித்துவிட்டு, டியூஷனில் கொடுத்த "எனது தாய் அதிகாலையில் துயில் எழுவார்" என்பதைப் பாடமாக்க வைக்கிறார்கள். எழுத்துத் தமிழ் படிப்படியாக வரும், அதைக் கற்பிக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். பிள்ளையின் சொந்த வசனத்தைக் கொன்றுவிட்டால் பிறகு எதைத் திருத்துவது?

எல்லாம் தரம் 5 புலமைப்பரிசிலுக்காம். தரம் 3 பிள்ளைக்கே மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாக வருகிறது. பரீட்சை எழுதுவோரில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சப்போவது என்ன? வாசிக்கத் தெரிந்தால் தரம் 6இல் விஞ்ஞானமும் வரலாறும் படிப்பார்கள். தெரியாவிட்டால் பின்வாங்கில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். தாண்டிய பிள்ளையும் வினாவை வாசித்து விளங்கித்தானே தாண்டியது!

வாசிக்கச் சொல்லும் கட்டளையோடு இறங்கிய வஹியைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பரிசளிப்பு விழாக்களில் வெட்டுப்புள்ளி தாண்டியவர்களுக்குப் பொன்னாடை. பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்க மட்டும் காசில்லை.

எங்களுக்குப் பொன்னாடை வேண்டாம். தினமும் 10 நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிக்க, நீங்கள் போனை வைத்துவிட்டுக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத உம்மம்மாவும் பக்கத்திலிருந்து கேட்கலாம், கதை விளங்கினால் போதும். பிறகு, அன்று நடந்ததைப் பற்றி 2 வசனம் பிள்ளையே எழுதட்டும். பிழையிருந்தால் அழிக்காமல் அனுப்புங்கள். திருத்துவது எங்கள் வேலை.

கொப்பி வெறுமையாக வந்த நாளில் இனி எங்களிடம் கேட்க வேண்டாம். பிள்ளையிடம் கேளுங்கள்: "இண்டைக்கு என்ன கதை வாசிச்ச?"