பெட்டியா, பொந்தா?

ஆஸ்திரேலியாவில் இரண்டு சின்னக் கிளிகள் இருக்கின்றன. ஒன்று ஆரஞ்சு வயிற்றுக் கிளி. இன்னொன்று வேகக் கிளி. இரண்டும் பச்சை நிறம். இரண்டும் டாஸ்மேனியாத் தீவில்தான் குஞ்சு பொரிக்கும். குளிர்காலம் வந்தால் கடலைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் பறந்துபோகும். இரண்டுமே இன்று அழியும் நிலையில் உள்ளன.

"அப்போ ரெண்டுக்கும் ஒரே உதவி செஞ்சாப் போதுமே!" என்று நீங்கள் சொல்லலாம். போதாது என்பது என் கருத்து. ஏன் தெரியுமா?

முதலில் ஆரஞ்சு வயிற்றுக் கிளியைப் பார்ப்போம். அதன் எடை சுமார் 45 கிராம்தான். குஞ்சு பொரிக்க அது வருவது மெலலூக்கா என்ற ஒரே இடத்துக்கு. 2016ஆம் ஆண்டு அங்கே 17 கிளிகளே திரும்பி வந்தன. பறவைக் காப்பாளர்கள் கிளிகளைக் கூண்டில் வளர்த்து வெளியே விட்டார்கள். கூடு கட்ட மரப்பெட்டிகளையும் வைத்தார்கள். 2023இல் திரும்பி வந்த கிளிகள் 80ஐத் தாண்டின. நல்ல செய்திதானே!

வேகக் கிளியின் கதை வேறு. அது தைலமரப் பூவில் தேன் குடிக்கும். இந்த வருஷம் ஒரு காட்டில் பூக்கும், அடுத்த வருஷம் வேறு காட்டில் பூக்கும். பூ எங்கேயோ, கிளியும் அங்கே! பக்கத்திலுள்ள வயதான மரத்தின் பொந்தில் முட்டையிடும். இரவில் சுகர் கிளைடர் என்ற சிறு விலங்கு பொந்துக்குள் நுழைந்து, முட்டையையும் அடைகாக்கும் தாய்க்கிளியையும் தின்றுவிடும். இருட்டியதும் கதவு தானாக மூடும் பெட்டிகளைச் செய்து பார்த்தார்கள். அவை உதவின. ஆனால் எல்லாக் காட்டிலும் பெட்டி வைக்க முடியுமா? சொல்லுங்க பார்ப்போம்!

ஆகவே வேகக் கிளிக்கு வேண்டியது பழைய காடு. ஒரு மரத்தில் நல்ல பொந்து உண்டாக 100 ஆண்டுக்கு மேல் ஆகும். அதை வெட்ட ஒரு நாள்கூட வேண்டாம்.

"மரம் வெட்டுறவங்களுக்கு வேலை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலை வேண்டும்தான். வெட்டுவதற்கென்றே நட்டு வளர்த்த மரங்கள் இருக்கின்றன. அவற்றை வெட்டட்டும். பொந்துள்ள கிழ மரத்தை விட்டுவிடட்டும்.

பெட்டியை நாம் நாளைக்கே செய்யலாம். இயற்கையான பொந்தை நம்மால் செய்ய முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் கருத்தையும் அதற்கான காரணத்தையும் வகுப்பில் சொல்லுங்கள்.