வந்திக் கிழவியின் பங்கு



ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால் எங்கள் கோட்டைப்பட்டினத்தில் எல்லோருடைய பார்வையும் கீழ்வானத்தின் மீதே இருக்கும். விசைப்படகுகள் கடலுக்குச் சென்றிருக்கும் நாட்களில், தீபாராதனைக்கு நிற்கும் தாய்மார்களின் கைகள் குவிந்திருந்தாலும் செவிகள் துறைமுகத்துப் பக்கமே இருக்கும். அடியேனுக்கோ மழைக்காலம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடல் அல்ல. சென்னை மாநகரின் நடுவே ஓடும் அடையாறு.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அன்று தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணிக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆறு போன வழியெங்கும் வீடுகள் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர இயலாமல் முதன்முறையாக ஒரு நாள் அச்சாகாமல் நின்றது.

அடியேனின் தமக்கையாரின் வீடு கோட்டூர்புரத்தில். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. கணவரை இழந்தவர், மகன் வெளிநாட்டில். செவ்வாய் மாலை பேசியபோது, "தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்" என்றார். அதன்பின் பேச்சில்லை. மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது, கைபேசி கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. இங்கே எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் கோட்டூர்புரம் பாலம் தெரிந்தது. பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் வெள்ளம் தெரிந்தது. தமக்கையாரின் தெருமுனைகூட ஒருமுறை தெரிந்தது. தமக்கையார் மட்டும் தெரியவில்லை. புதன் போயிற்று. வியாழன் பகலும் போயிற்று. புறப்படலாம் என்றால் ரயில்கள் ரத்து. விளக்கின் முன் அமர்ந்தால் பதிகம் நாவில் வருகிறது. அடுத்த அடி வருவதில்லை.

வியாழன் மாலை ஆறு மணிக்கு வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து, முன்பின் அறியாத ஒரு குரல். அடியேனின் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, "ஐயா, உங்களுக்குச் சென்னையிலிருந்து வானொலி வழியே ஒரு செய்தி. எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் பதினாறு சொற்கள்" என்றது. எழுதிக்கொண்டேன்.

"அக்காள் நலம். மேல்தளத்தில் இருக்கிறார். நால்வர் உடன் உள்ளனர். மாத்திரை ஐந்து நாளுக்கு உள்ளது. நீர் வடிகிறது. புறப்பட்டு வர வேண்டாம்."

எண்ணிப் பார்க்கச் சொன்னார். பதினாறும் சரியாக இருந்தன. பதினாறும் பெற்று வாழ்க என்று பெரியோர் வாழ்த்துவார்கள். அன்று அடியேன் பெற்ற பதினாறு இவைதாம்.

இச்செய்தி எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, மறைந்த என் அத்தானைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்காமலே முந்தைய ஆண்டு சிவபதம் எய்தினார். ஓய்வு பெற்றபின் அவர் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு ஹாம் வானொலி. மத்திய அரசு நடத்தும் தேர்வெழுதி உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறி வாங்கி, சொந்தமாக ஒலிபரப்புக் கருவி வைத்துப் பிறருடன் பேசுவது. நம் நாட்டு அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வி.யு.2', 'வி.யு.3' என்று தொடங்கும். இதில் வணிகம் பேசக்கூடாது; பணம் வாங்கக்கூடாது. மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கிடையே ஒரு செம்புக் கம்பி, மேசைமேல் ஒரு பெட்டி. மின்சாரம் இல்லையென்றால் கார் மின்கலம் போதும்.

அப்படி என்ன பேசுவார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். தினமும் காலையில் குறித்த நேரத்துக்கு, குறித்த அலைவரிசையில் அனைவரும் கூடுவார்கள். ஒருவர் நடத்துநராக இருந்து ஒவ்வொரு அழைப்புக்குறியாகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "உள்ளேன்" என்பார். "உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது?" "ஐந்து ஒன்பது." தெளிவு ஐந்து, வலிமை ஒன்பது, இதற்குமேல் நன்றாகக் கேட்க முடியாது என்று பொருள். "உங்கள் ஊரில் மழையா?" "தூறல்." அவ்வளவுதான். அடுத்தவர். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு போல இது ஆண்டுக்கணக்கில் நடக்கும். "நமக்கெல்லாம் காலையில் சுப்ரபாதம், இவருக்கு ஐந்து ஒன்பது" என்று தமக்கையார் அலுத்துக்கொள்வார். அடியேனும் அப்போது அவர் பக்கம்தான். படித்த மனிதர் இப்படிப் பொழுதை வீணாக்குகிறாரே என்று நினைத்ததுண்டு.

டிசம்பர் 2 காலையிலும் அந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. நகரின் கைபேசிகளெல்லாம் ஊமையாகக் கிடந்த வேளை. நடத்துநர் வழக்கம்போல வரிசையாகப் பெயர்களை அழைத்தார். சிலர் பதில் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. பதில் வராத இடங்களில் கோடிட்டு வைத்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் அந்தக் கோடுகளைப் பார்த்தார்கள். இவர் வெளியூர் போயிருக்கிறார், நேற்றே சொன்னார். அவருடைய கருவி தரைத்தளத்தில் இருக்கிறது, மூழ்கியிருக்கும். இன்னொருவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அருகில் யார் இருக்கிறார்? இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சென்னை வெள்ளத்தில் ஹாம் வானொலியாளர்கள் பொதுமக்களின் செய்திகளைக் கடத்தி உதவியது பலரும் அறிந்ததே. ஆனால் அதற்கு முன்னால், தங்கள் வருகைப் பதிவேட்டின் வெற்றிடங்களை அவர்கள் பார்த்தார்கள் என்பதைத் தமக்கையார் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆனால் தமக்கையார் உறுப்பினர் அல்லரே? அவருக்கு உரிமமும் இல்லை, கருவியும் இல்லை. ஹாம் வானொலியாளர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்துவிட்டால் இறந்தார் என்று சொல்வதில்லை. 'சைலண்ட் கீ' என்பார்கள். தந்தி அடிக்கும் சாவி மௌனமாகிவிட்டது என்று பொருள். அத்தானின் சாவி மௌனமாகி மூன்றாண்டு ஆகியும், அவருடைய அழைப்புக்குறி அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் வீட்டு விலாசத்துடன் இருந்திருக்கிறது. மௌனமான சாவிகளின் வீடுகளையும் அன்று அவர்கள் விட்டுவிடவில்லை. வெள்ளம் சூழாத பகுதியிலிருந்த ஒரு நண்பர், கோட்டூர்புரத்துக்குள் படகு செலுத்திக்கொண்டிருந்த மீனவர்களிடம் ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். மீனவப் பிள்ளை ஒருவர் படகை வீட்டின் கீழே நிறுத்தி, "அம்மா, ரேடியோ ஐயா வீடு இதுதானா?" என்று உரக்கக் கேட்டார். மேலிருந்து விடை வந்தது. கீழ்வீட்டுக் குடும்பத்தார் நால்வரும் தமக்கையாருடன்தான் இருந்தனர். மாத்திரைக் கணக்குவரை கேட்டு எழுதிக்கொண்டு போனார் அந்தப் பிள்ளை. அது அலைவரிசையில் ஏறித் திருச்சிக்கு வந்து, அங்கிருந்து இங்கு வந்தது.

பொழுதுபோக்குக்காகத் தொடங்கியது ஆபத்தில் துணையாவது புதிதும் அல்ல. 2004 டிசம்பரில் ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், தம் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பே இல்லாத தீவு அது; அங்கிருந்து பேசினால் உலகெங்குமுள்ள பொழுதுபோக்கு வானொலியாளர்கள் மகிழ்வார்கள் என்பதே நோக்கம். மார்கழிப் பௌர்ணமியன்று, ஞாயிறு காலையில், நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. தீவின் தொடர்புகள் அறுந்தபோது, விளையாட்டாகக் கொண்டுபோன அதே கருவியில் அவர் உற்றாரின் நலச்செய்திகளை நாட்டின் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினார்.

எங்கள் ஊரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சென்றால் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகப் பெருமான் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை. குதிரை வாங்கக் கொண்டுவந்த பாண்டியன் பொருளை அவர் கோயிலுக்கே செலவிட்டதும், அதனால் நேர்ந்த துன்பமும், வைகை பெருகி மதுரையைச் சூழ்ந்ததும் அன்பர்கள் அறிந்தவையே. ஊரைக் காக்கக் கரையை அளந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று வகுத்தார்கள். பிட்டு விற்கும் வந்திக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுச் சொக்கநாதர் கூலியாளாக வந்தார், மண் சுமந்தார், பிரம்படி பட்டார், அந்த அடி எல்லா உயிர்மீதும் பட்டது.

இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் பிட்டையும் பிரம்பையும் நினைத்து உருகுகிறோம். வெள்ளத்துக்குப் பிறகு அடியேனுக்கு வேறோர் இடத்தில் மனம் நின்றுவிடுகிறது. அந்தக் கணக்கில் வந்தியின் பெயர் இருந்தது. ஆளற்ற கிழவிதானே என்று அவளை விட்டுவிட்டுக் கரையை அளக்கவில்லை. அவள் பங்கு அடைபடாமல் கிடந்ததால்தான் கண்காணிப்பவர் அங்கே வந்து நின்றார், அரசனும் வந்தான். கணக்கு எழுதியவன் அன்பினால் எழுதினானா, அதிகாரத்தினால் எழுதினானா என்பது வேறு பேச்சு. எழுதியிருந்தான்.

2018-இல் எங்கள் முறை வந்தது. நவம்பர் 16 அதிகாலை, ஐப்பசி முடியும் தறுவாயில், கஜா புயல் கரை கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த கோலத்தை இன்னொருமுறை எழுதக் கை வரவில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தார் விறகடுப்பில் கஞ்சி காய்ச்சி எங்களுக்கும் கொடுத்தார்கள். நான்காம் நாள் அறந்தாங்கி சென்ற ஒரு லாரியில் ஏறிப் போய், அங்கிருந்து தமக்கையாரை அழைத்தேன். குரல் கேட்டதும் அழுதார். பிறகு கோபித்துக்கொண்டார். "நாலு நாளாக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லையா? இத்தனை பேர் சேர்ந்து பிரதோஷம் கும்பிடுகிறீர்களே, யார் யார் வந்தார்கள் என்று ஒருவருக்காவது தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. பத்தாண்டுகளாக ஒரே தூணின் அருகில் நின்று நந்தி அபிஷேகம் பார்க்கும் அம்மையாரின் வீடு எந்தத் தெருவில் என்று அன்றுவரை அடியேனுக்குத் தெரியாது. அவர் தனியாக இருக்கிறார் என்பதும் தெரியாது. அவருடைய கூரை பறந்து போனதைப் புயலின் எட்டாம் நாள்தான் அறிந்தோம்.

அவ்வாண்டுத் தையில் தமக்கையாரிடமிருந்து ஒரு தபால் பொதி வந்தது. உள்ளே அத்தான் எழுதாமல் விட்டுச்சென்ற கனத்த பதிவேடு ஒன்று. யாருடன், எப்போது பேசினோம் என்று ஹாம் வானொலியாளர்கள் குறித்து வைக்கும் நோட்டு. தேதி, நேரம், அழைப்புக்குறி, குரல் கேட்ட அளவு என்று அவர் கையாலேயே பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். கடிதம் எதுவும் இல்லை.

அதில்தான் இப்போது எங்கள் பிரதோஷப் பட்டியல். முப்பத்தொரு பெயர்கள், எதிரே தெரு, பக்கத்து வீட்டார், வெளியூர்ப் பிள்ளைகளின் தொலைபேசி எண், உண்ணும் மருந்து. தீபாராதனை முடிந்ததும் ஒவ்வொரு பெயராகப் படிப்போம். முதலில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சந்நிதியில் ரேஷன் கடைபோலப் பெயர் கூப்பிடுவதா என்றார்கள். மண்டபத்துக்கு வெளியே வந்து கூப்பிட்டோம்.

சென்ற சனிப் பிரதோஷத்தில் ஒரு பெயருக்கு விடை வரவில்லை. எண்பத்திரண்டு வயதுப் பெரியவர், ஒருநாளும் தவறாதவர். இருவர் டார்ச் விளக்குடன் போனோம். கதவைத் திறந்தவர் கையில் முறுக்கு; உள்ளே தொலைக்காட்சியில் கிரிக்கெட். "உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்தீர்களா?" என்று சீறினார். "ஆம் ஐயா" என்றேன். சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். அந்தப் பதிவேட்டில் 'குரல் கேட்ட அளவு' என்றொரு கட்டம் வெறுமையாகவே இருக்கிறதே, அது எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

அடுத்த பிரதோஷத்தில் அவர் பெயர் ஒன்பதாவது. படித்ததும், மண்டபத்தின் மறுகோடியிலிருந்து, அர்ச்சகர் திரும்பிப் பார்க்கும்படி உரக்க, "ஐந்து ஒன்பது!" என்றார். அந்தக் கட்டத்தை முதன்முதலாக நிரப்பினேன்.