மூன்றாம் திங்களுக்கு முன்

பிள்ளைத்தமிழ் நடத்தும் வகுப்புகளில் ஒரு கேள்வி எழவேண்டும். பல ஆண்டுகளாகியும் எவரும் கேட்டாரில்லை. மூன்றாம் திங்களில் காப்புப் பருவம் தொடங்கி, இருபத்தோராம் திங்கள்வரை ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒரு பருவமாகப் பாடவேண்டும் என்பது பாட்டியல் மரபு. அதற்கு முந்தைய குழந்தையைப் புலவர்கள் ஏன் பாடுவதில்லை? பிறந்த குழந்தை நிலைக்குமா என்னும் ஐயம் நீங்காத நாள்கள் அவை என்பது நம் ஊகம். ஊகம் என்றே கொள்க.

ஊகம் பிழையாகலாம், அந்நாள்களின் இடர் பிழையன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாள்களுக்குள் இறந்தன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரை நாவில் தொடுவதும், தொப்புளில் எதையேனும் பூசுவதும் நிகழ்வது அந்த நாள்களில்தான். மருத்துவமனையிலிருந்து தாயும் சேயும் வீடு திரும்பிய பின், கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று மருத்துவர் அறியார். அங்கே நுழையக்கூடிய குரல் ஒன்றைத் தேடியவர்கள் செல்பேசியைக் கண்டடைந்ததில் வியப்பில்லை.

இந்தியாவில் இம்முயற்சிகளுள் பெரியது ‘கில்காரி’. மழலையின் களிப்பொலியைக் குறிக்கும் இந்திச் சொல் அது. பிபிசி மீடியா ஆக்‌ஷன் என்னும் அமைப்பு 2013இல் பீகாரில் தொடங்கியதை நடுவண் அரசு 2016 ஜனவரியில் ஏற்று வேறு மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது. கருவுற்ற நான்காம் திங்கள் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை வாரம் ஒன்றாக 72 அழைப்புகள். அழைப்பை எடுத்தால், ‘டாக்டர் அனிதா’ என்னும் கற்பனை மருத்துவர் அந்தந்த வாரத்துக்கு உரியதை ஓரிரு நிமிடங்களில் பேசி முடிப்பார்.

எழுத்தை விடுத்துக் குரலைத் தேர்ந்ததை நாம் பெரிதும் மதிக்கிறோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்பேசி உள்ள பெண்களிலும் 71 விழுக்காட்டினரே குறுஞ்செய்தியைப் படிக்க வல்லவர். படிக்கத் தெரிந்தவர்க்கும் விளங்காத மொழியில் எழுதுவது நம் அலுவலகங்களின் பழக்கம். பயனாளி, தவணை, இணை உணவு என்று அடுக்கினால் பிள்ளை பெற்ற களைப்பிலிருக்கும் பெண் எதைப் பற்றிக்கொள்வாள்? அந்தத் தமிழை எழுதுவோர் நம்மிடம் படித்துச் சென்றவர்கள்தாம் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடலாம்.

ஆனால் குரல் மட்டும் போதுமா? மத்தியப் பிரதேசத்தின் நான்கு மாவட்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் கில்காரி அழைப்புகளை அனுப்பி ஆராய்ந்தனர். கருத்தடை முறைகளைக் கையாள்வதில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதில் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இத்தனைக்கும் செல்பேசி எட்டும் வீட்டுப் பெண்களையே அவர்கள் ஆய்வில் சேர்த்திருந்தனர்.

எட்டும் என்பது வேறு, தன் கையில் இருப்பது வேறு. மேற்சொன்ன கணக்கெடுப்பில் தாமே பயன்படுத்தும் செல்பேசியுள்ள பெண்கள் தமிழ்நாட்டில் 74.6 விழுக்காடு, மத்தியப் பிரதேசத்தில் 38.5 மட்டுமே. கணவனின் சட்டைப்பையில் வயலுக்கும் பட்டறைக்கும் போய்விடும் கருவியில் டாக்டர் அனிதா யாரிடம் பேசுவார்? கணவனும் கேட்கட்டுமே என்பர் சிலர். கேட்கட்டும், அதில் நமக்கும் உடன்பாடே. ஆனால் கேட்டவன் மாலையில் வந்து சொல்வான் என்பதற்கு உறுதியில்லை. சொன்னாலும், முதல் பால் யார் சொற்படி கொடுக்கப்படுகிறது என்பது மாமியார், பாட்டி, அண்டைவீட்டார் கூடிய சபையில் தீர்மானமாகும் செய்தி.

பீகாரிலேயே இதற்கு ஒரு மாற்று உருவாயிற்று. ‘மொபைல் குஞ்சி’ என்பது அதன் பெயர். குஞ்சி என்றால் சாவி. வளையத்தில் கோத்த படச்சீட்டுகளுடன் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார். சீட்டிலுள்ள எண்ணைத் தம் செல்பேசியில் அழுத்தினால் அதே டாக்டர் அனிதா பேசுவார். மாமியாரும் உடன் அமர்ந்து கேட்பார்; ஐயம் எழுந்தால் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். இயந்திரக் குரலுக்கு ஒரு மனித முகம் துணைநிற்கும் இந்த ஏற்பாடே நமக்குச் சரியெனப் படுகிறது.

சென்ற ஆண்டு நம் தங்கை மகள் கொங்குப் பகுதியிலுள்ள தாய்வீட்டில் பிள்ளை பெற்றாள். ஐந்தாம் நாள் இரவு குழந்தை பால் குடிக்க எழவில்லை. உடம்பில் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. காலை இளவெயிலில் காட்டினால் சரியாகும் என்றனர் பெரியவர்கள். அவளது செல்பேசியில் தடுப்பூசித் தேதியை நினைவூட்டும் செய்தி ஒன்று வந்து கிடந்தது. தேதி சரிதான், அவளுக்கு அப்போது வேண்டியது தேதியன்று. கிராம சுகாதார செவிலியரின் சொந்த எண்ணை அழைத்தாள். மறுமுனையில் கேட்டதெல்லாம், “யோசிக்காத கண்ணு, புள்ளையத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ” என்பதுதான். பால் குடிக்க மறுப்பதும் எழுப்பினும் எழாத மயக்கமும் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தின் அறிகுறிகள். அதை எந்தச் செய்தியும் முன்னரே சொல்லியிருக்கலாம். நள்ளிரவில் ஒரு தாய்க்கு அதை உறுதிசெய்ய, மறுமொழி கூறும் வாய் ஒன்று வேண்டியிருந்தது.

சான்சிபாரில் 2009-10இல் கருவுற்ற பெண்களுக்குச் செய்தி அனுப்பியவர்கள், அவர்கள் செவிலியரை அழைத்துப் பேசுவதற்கான கட்டணச் சீட்டையும் சேர்த்தே கொடுத்தனர். அப்பிரிவில் 60 விழுக்காட்டினர் பயிற்சி பெற்றோர் துணையுடன் மகப்பேறு கண்டனர். மற்றப் பிரிவில் 47. பயன் நகர்ப்புறப் பெண்களிடமே மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை. தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் தொடங்கிய ‘மாம்கனெக்ட்’ திட்டத்தில் தாய்மார் திருப்பிக் கேள்வி கேட்கலாம். மருத்துவ நிலையத்தில் தம்மை நடத்திய விதம் குறித்து முறையிடலாம், பாராட்டவும் செய்யலாம். அங்கே தாய் வெறும் செவியல்லள்.

நம் நாட்டில் செய்தி அனுப்புவது மலிவு. ஆள் வைப்பது செலவு. எத்தனை இலட்சம் அழைப்புகள் சென்றன என்று அறிக்கையில் எழுதுவது எளிது. செவிலியர் எத்தனை ஊர்களைத் தனியே சுமக்கிறார் என்று எழுதுவதற்கு அதில் கட்டமில்லை. அழைப்புகள் தொடரட்டும். அழைப்பின் முடிவில் அந்தத் தாயின் ஊருக்குரிய செவிலியரின் எண் ஒலிக்கட்டும். அந்த எண்ணை எடுத்துப் பேசும் இரவுப் பணிக்கு ஊதியமும் மாற்றாளும் ஒதுக்கப்படட்டும். நாம் சொன்ன செவிலியர் இரவில் பேசியது பணிவிதிப்படி அன்று, மனமிரங்கி.

தங்கை மகளின் செல்பேசியில் அவர் எண் ‘நர்ஸ் அக்கா’ என்று பதிவாகியிருக்கிறது. அவருக்குச் சில மாதங்களுக்கு முன் வேறிடத்துக்கு மாறுதலாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் இன்னும் அவரைத்தான் அழைக்கிறார்கள், அவரும் எடுக்கிறார்.